நான்காம் அறையில் ஆமென்

குளிர்கிடங்கில் வேலை பார்த்த எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவளுக்குக் கிடைத்தது கம்பளி. கம்பெனி கொடுத்த தடித்த கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர், காதைச் சுற்றி ஒரு மஃப்ளர், அதற்கும் மேல் ஒரு குல்லா என்று அவள் உறைவறைக்குள் போவதைப் பார்த்து, மீன் பெட்டி இறக்க வந்த ஒருவர், "என்னப்பா இது, கம்பளி மூட்டை தானா நடந்து போகுது" என்று சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் அவள் சட்டென்று சிரித்துவிடுகிறவளாக இருந்தாள்.

கிடங்கில் நான்கு அறைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் நுழைந்து, உள்சுவரில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து, வெளியே தொங்கும் பலகையில் எழுத வேண்டும். அதுதான் அவள் வேலை. நான்காம் அறைதான் பெரியது. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. கூரை வரைக்கும் பட்டாணியும் சோளமும் மீனும் அட்டைப் பெட்டிகளில் ஐந்து வரிசையாக அடுக்கியிருக்கும். கதவு நான்கு விரற்கடை தடிமன்; தன் எடையிலேயே மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே போகிறவர்கள் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போவார்கள். உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு பச்சைக் குமிழும் உண்டு. பனி ஏறி அது இறுகிப்போயிருப்பதை அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஆள் வருவார் என்று இரண்டு தடவையும் பதில் வந்தது.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டே, "இடது தோள்பட்டை என்னமோ இழுக்குதுடி" என்றார்.

"ராத்திரி கோணல்மாணலா படுத்திருப்பீங்க. தைலம் தேய்ச்சிக்கிட்டுக் கிளம்புங்க, பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்" என்று அவள்தான் சொன்னாள். தைலத்தையும் அவளே தேய்த்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து ஓர் இறக்கத்தில் அவர் வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். டிரைவர் மாமா தூங்குகிறார் என்றுதான் உள்ளே இருந்த பதினொரு பிள்ளைகளும் நினைத்தார்கள். ஒருவர்மேலும் ஒரு கீறல் இல்லை. பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. அவரை இறக்கும்போது இரண்டு பேர் சேர்ந்துதான் அந்தக் காலை எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடக்கத்துக்குப் பதினொரு பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மலர்வளையம். "கர்த்தர் பிள்ளைங்களைக் காப்பாத்தினாரே, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். போதகரும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். எல்லாருக்கும் அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து ஸ்தோத்திரம் என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை.

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும். அவர் ஆரம்பித்து வைத்தது. "ஆண்டவரே, இன்னைக்குக் குழம்புல உப்பு சரியா இருந்ததுக்கு ஸ்தோத்திரம். நேத்து இல்லாததையும் நான் குறையா சொல்லல" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அவளும் அவருடைய அக்காவும் ஜெபத்தின் நடுவிலேயே சிரித்துவிடுவார்கள். அவர் போன பிறகும் அவருடைய அக்கா அதை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர் அவர். அவளுக்கு அண்ணி முறை. அண்ணி தன் மூன்றையும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அது இவளுக்காக விட்ட இடம். இவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அண்ணியே ஆமென் சொல்லி முடித்துவிடுவார். ஆறு மாதமாக இப்படித்தான்.

அது ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசித் தடவையாக நான்காம் அறைக்குப் போனாள். செருப்பை பெஞ்சுக்கு அடியில் விட்டு, பூட்ஸை மாட்டி, கைப்பேசியை மேஜைமேல் வைத்தாள். குளிரில் அது செத்துப்போகும் என்பதால் யாரும் உள்ளே கொண்டுபோவதில்லை. கட்டையைச் செருகிவிட்டு நுழைந்தாள். வெப்பமானி ஐந்தாம் வரிசைக்கு அப்பால், கடைசிச் சுவரில் இருந்தது. போகும் வழியில் ஒரு பெட்டி சரிந்து கிடந்தது. அதைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு மூடிய சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நொடி விளக்கு போனது.

கதவுக்கு மேலே இருந்த சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதைப் பார்த்தபடி, பெட்டிகளைத் தடவித் தடவி வந்து சேர்ந்தாள். பச்சைக் குமிழைத் தள்ளினாள். தோளால் இடித்தாள். பூட்ஸ் காலால் உதைத்தாள். அது கல் மாதிரி நின்றது. கத்தினாள். தொண்டை கமறும் வரைக்கும் கத்தினாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டு, பதில் வராமல், கதவைத் திறந்துதான் பேசியிருக்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் கத்துவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் இனி ஆட்கள் வருவார்கள்.

குதித்தாள். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தாள். இடது கையுறையில் இரண்டு விரல்களின் நுனி கிழிந்திருந்தது. அந்த விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு வலித்தன, பிறகு அங்கே விரல் இருப்பதே தெரியவில்லை. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் எழுந்திருக்க முடியாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியும் கால் தளர்ந்து, கதவோரம் ஒரு பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாயை ஓட்டிக்கொண்டே இருந்தால் தூங்கமாட்டோம் என்று தோன்றியது. பெட்டிகளை எண்ணிப் பார்த்தாள், எண் குழம்பியது. பாட்டு வரவில்லை. உதடு மரத்திருந்தது. பழகிய தடத்தில் வாய் தானாகவே போய் நின்ற இடம் அந்தச் சாயங்கால ஜெபம்.

"ஆண்டவரே, இந்தக் கோட்டுக்காக நன்றி" என்றாள். பக்தியோடு சொல்லவில்லை. ஒரு எரிச்சலோடுதான் சொன்னாள். "ரெண்டு ஸ்வெட்டருக்காக நன்றி. அதைப் பார்த்துக் கிண்டல் பண்ணினவங்களுக்கும் சேர்த்து."

மேலே இருந்த பெரிய மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள், கடைசிச் சுவர்ப் பக்கமிருந்து ஏதோ வந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். விசிறிகள் சில நேரம் விதவிதமாக முனகும். அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது விசிறிகள் நின்றன. பனி உருகி வடிவதற்காக அவை அவ்வப்போது தாமாகவே நிற்கும்; அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இருட்டில் அந்த அமைதி கனத்த போர்வையைப் போட்டு மூடியது மாதிரி இறங்கியது. தன் பல் தந்தியடிப்பது அவளுக்கே கேட்டது.

"என் பல்லு இன்னும் ஆடுதே, அதுக்காக நன்றி" என்றாள்.

"ஆமென்."

ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் இருந்து. தெளிவாக.

உடம்பில் மிச்சமிருந்த சூடும் ஒரே வீச்சில் வடிந்துவிட்டது போல் இருந்தது. பிறகு ஒரு நம்பிக்கை. வேறு யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கு இருவராயிற்று. "யாரது? யாருங்க அங்க? நான் கம்பளி. கதவுகிட்ட இருக்கேன், இங்க வாங்க" என்றாள்.

பதில் இல்லை. நகர்கிற சத்தமும் இல்லை. அந்தத் தரையில் யார் நடந்தாலும் பனி நறநறவென்று நொறுங்கும். ஒன்றும் நொறுங்கவில்லை.

காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் சொருகியது. தலை முன்னால் விழுந்தபோது திடுக்கிட்டு, பயத்திலேயே அடுத்ததைச் சொன்னாள். "அண்ணி கூட இருக்கிறதுக்காக நன்றி."

"ஆமென்."

இந்தத் தடவை நான்காம் வரிசை.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். நெடுநேரம் பேசாமல் இருந்த ஒருவர் வாய் திறந்தால் வருமே, அந்த மாதிரி. அன்பும் இல்லை, கோபமும் இல்லை. சாட்சிக் கையெழுத்து போடுகிற ஆள் மாதிரி அது சொன்னது. பிசாசோ என்று அவளுக்குத் தோன்றியது. "இயேசுவின் நாமத்தில கேக்குறேன், நீ யாரு?" என்றாள். அதற்கும் அமைதிதான். அது கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. நன்றிக்கு மட்டுமே வாய் திறந்தது. ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு வரிசை முன்னால் வந்தது.

சொல்லாமல் இருந்தால் தூங்கிவிடுவாள். சொன்னால் அது கிட்டே வரும். இரண்டுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் குளிர் தெரியவில்லை, இதமாகக்கூட இருந்தது. அந்த இதம்தான் அவளை மிரட்டியது. சாவு அப்படித்தான் வரும் என்றும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"கூரை ஒழுகாத வீட்டுக்காக நன்றி" என்றாள்.

"ஆமென்." மூன்றாம் வரிசை.

அடுத்து என்ன சொல்வது என்று தேடினாள். எல்லாரும் அவளிடம் எதிர்பார்த்தது எது என்று அவளுக்குத் தெரியும். இருட்டில் இருப்பது எதுவானாலும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறது, சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று ஓர் எண்ணம். கண்ணை இறுக்க மூடி, கடகடவென்று ஒப்பித்தாள். "ஆண்டவரே, என் வீட்டுக்காரரை நீங்க எடுத்துக்கிட்டதுக்காக ஸ்தோத்திரம். உங்க சித்தத்துக்காக ஸ்தோத்திரம்."

ஆமென் வரவில்லை.

விசிறி நின்றபடியே இருந்தது. பெட்டிகளின் மேல் எங்கோ ஒரு பனிச்செதில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அவள் காத்திருந்தாள். அந்தக் குரல் வந்தபோது இருந்த பயத்தைவிட, அது வராதபோது வந்த பயம் பெரிதாக இருந்தது. அது போய்விடவில்லை. இரண்டு வரிசைக்கு அப்பால் நின்றபடி அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பொய் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. இமையில் கண்ணீர் அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது.

"முடியல" என்றாள். "அதுக்கு என்னால நன்றி சொல்ல முடியல. எடுத்தது எடுத்ததுதான். அந்தப் பதினொரு பிள்ளைங்களைப் பார்த்தா எனக்கு எரியுது. அது பாவம்னு தெரியும், ஆனாலும் எரியுது. தோள் வலிக்குதுன்னு சொன்ன மனுசனைத் தைலம் தேய்ச்சி அனுப்பி வச்சவ நான். இதை நான் யார்கிட்டயும் சொல்லல. அண்ணிகிட்டகூட." மூச்சு வாங்கியது. நெடுநேரம் கழித்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள். "கடைசி வரைக்கும் பிரேக்கை மிதிச்சாரே. அந்தக் காலுக்காக வேணா நன்றி சொல்றேன். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

"ஆமென்."

வலது காதோரம். ஒட்டினாற்போல்.

அவ்வளவு கிட்டே வாயை வைத்துச் சொன்னால் மூச்சுக்காற்றாவது படும் அல்லவா? ஒன்றும் படவில்லை. மஃப்ளரின் ஓர் இழைகூட அசையவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. சிவப்பு விளக்கையே வெறித்துக்கொண்டிருந்தாள். கதவின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி அகலமாயிற்று.

கதவைத் திறந்தது காவலாளி. அவருக்குப் பட்டப்பெயர் பூட்டு. எந்தப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாத மனிதர். அவர் அவளை இழுத்து வெளியே போட்டு, தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றியபோது, அவள் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள இன்னொருத்தர் இருக்காங்க."

அவர் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஐந்து வரிசையும் பார்த்தார். ஆம்புலன்ஸோடு வந்தவரும் ஒரு தடவை பார்த்தார். யாரும் இல்லை. அவர்கள் இருவரின் தடங்களை விட்டால், தரைப் பனியில் போகவும் வரவும் இருந்தவை அவளுடைய பூட்ஸ் தடங்கள் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நுனிக் கணுவோடு போயின. மற்றபடி பிழைத்தாள். பார்க்க வந்த சபைக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "உயிர் தப்பினீங்களே, ஸ்தோத்திரம்" என்றார்கள். அவள் பழையபடி தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அண்ணி தன் மூன்றையும் சொன்னார். வழக்கம்போல் இடம் விட்டார். அவள் பாயைப் பிய்க்கவில்லை. கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலைல அவருக்குத் தோள் வலின்னார். நான்தான் தைலம் தேய்ச்சி அனுப்பினேன்."

அண்ணி கண்ணைத் திறந்தார். தையல் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். வீடெல்லாம் தைல வாசம் அடிச்சுதே. நானும்தான் அந்த வாசத்தை மோந்துக்கிட்டு, என்னடா தம்பி ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் எப்படி அண்ணி தினமும் நன்றி சொல்றீங்க?"

"அவன் போனதுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. நல்லா யோசிச்சுப் பாரு. வெயில் அடிச்சதுக்குச் சொன்னேன், நூல் அறுந்துபோகாததுக்குச் சொன்னேன், நீ சாப்பிட்டதுக்குச் சொன்னேன். பெரிசு எதுவும் எனக்கும் வாயில வரல. சின்னதையாவது விட்டுடக் கூடாதேன்னுதான்."

ஆறு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அண்ணி சொன்னது எதையும் தான் காதில் வாங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் ஒரே ஒரு நன்றி சொன்னாள். பிரேக்கை மிதித்த காலுக்கு. அண்ணி நெடுநேரம் அழுதார். பிறகு எழுந்துபோய் இருவருக்கும் டீ போட்டார்.

பூட்டு வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. வாசற்படியைத் தாண்டாமல், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்கண்ணே. நீங்க இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல. உங்களுக்கு நன்றி சொல்லக்கூட முடியாம போச்சு."

"திறந்தவனுக்கு நன்றி சொல்றியேம்மா. மூடினவனும் நான்தான்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எவனோ கதவைச் சாத்தாமப் போயிட்டான்னு கட்டையை எடுத்துட்டுச் சாத்தி, வெளிய இருக்கிற சுவிட்சுல விளக்கையும் அணைச்சேன். ஒரு குரல் குடுத்திருக்கணும். குடுக்கல. இத்தனை வருசத்துல அன்னைக்கு ஒரு நாள்."

கோபம் வருமா என்று அவள் தனக்குள் பார்த்தாள். கொஞ்சம் வந்தது; இருந்துவிட்டுப் போனது. "உக்காருங்க" என்றாள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உன் போன் மேஜைமேல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ மறந்து வச்சிட்டுப் போயிட்டபோலன்னு நினைச்சேன்" என்றார் பூட்டு.

"நான்தான் அடிச்சேன். சாப்பிட வரலையேன்னு" என்றார் அண்ணி.

"மூணே காலுக்கு மூணாவது தடவையா பூட்டெல்லாம் இழுத்துப் பார்க்க வந்தேன். நாலாம் ரூம் கதவுல கை வச்சப்போ ஒரு பேச்சு கேட்டுச்சு."

"நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நீ பேசினது எங்க கேக்கும்? பீரங்கி வெடிச்சாக்கூட அந்தக் கதவைத் தாண்டி வராதே. ஒரே ஒரு வார்த்தைதான்." அவர் தொப்பியை இன்னும் இறுக்கினார். "உங்க ஜெபத்துல கடைசியா ஒண்ணு சொல்வீங்களே, அது. ஆனா அது உள்ளேருந்து வந்த மாதிரி இல்லம்மா. என் முதுகுக்குப் பின்னாடி நின்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல. உடனே கதவைத் திறந்தேன்."

அண்ணி தையல் மிஷினின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டார்; அது மெதுவாக நின்றது.

"பயந்துட்டீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"இப்பவும் பயம்தான்" என்றார் பூட்டு.

இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். புதுக் குமிழ் மாட்டியிருந்தார்கள். வேறு அறைகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னதை அவள் ஏற்கவில்லை. முதல் நாளே நான்காம் அறைக்குப் போனாள். பூட்டு கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டையை அவர் நம்பவில்லை.

ஐந்து வரிசையையும் தாண்டி, வெப்பமானிக்கு முன்னால் நின்றாள். விசிறிகள் இரைந்து, பிறகு நின்றன. அமைதி இறங்கியது. விளக்கு எரிந்தது; பெட்டிகள், பனி, தன் வாயிலிருந்து புகைபோல் வரும் மூச்சு, எல்லாம் தெரிந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது. எது பெரிய பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முழுதாக மிச்சமிருக்கும் எட்டு விரல்களையும் கையுறைக்குள் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். உதடு அசையாமல் உள்ளுக்குள்ளேயே அந்த நன்றியைச் சொன்னாள்.

"என்னம்மா, எவ்வளவு காட்டுது?" வாசலிலிருந்து பூட்டின் குரல் கேட்டது.

"பதினெட்டுண்ணே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அவரை நோக்கி நடந்தாள்.